சான்று கூறும் சிற்றுயிர்

பேன் என்ற சொல்லைக் கேட்ட அளவிலே முகஞ் சுளிப்பவர் பலர். ஆயினும், பறவையின் இறகிடையே வாழும் பேனை அவ்வாறு வெறுத்து ஒதுக்குதல் அறிவுடைமை ஆகாது. பறவையினங்களின் பழைய உறவை உரைக்கவல்ல சான்றாக அது விளங்குகின்றது.

பறவைப்பேனுக்குச் சிறகு இல்லை. முட்டைப் பருவந்தொட்டு இறுதிவரை பறவையின் உடலே அதற்கு உலகம். அவற்றுள் பெரும்பாலானவை இறகைத் தின்று வாழ்வன. பறவையை விட்டுப் பிரிந்தால் சில நாள்களில் மடிந்துவிடும். ஆதலின், தாய் தன் குஞ்சை அணைக்கும்போதும், ஆணும் பெண்ணும் இணையும்போதுமே அது பெரும்பாலும் இடம் மாறுகின்றது. இதனால் காக்கைக்கு ஒரு வகை, புறாவுக்கு வேறொரு வகை எனப் பறவைக்கேற்பப் பேனும் வேறுபடுகின்றது.

ஓர் இனத்துக்குள்ளும் அது சமமாகப் பரவுவதில்லை. பல பறவைகளிடம் சில பேன்களே இருக்கும். சில பறவைகளிடமோ பல மொய்க்கும். அலகு சிதைந்த பறவை தன் இறகைக் கோத இயலாமையால் மிகுதியான பேனைச் சுமக்கின்றது. அதனை அழுக்குப் பறவை என இகழ்தல் முறையோ? அதன் துன்பத்தையன்றோ அப்பேன்கள் நமக்கு அறிவிக்கின்றன!

பொன்னேரிக்கு அண்மையிலுள்ள பழவேற்காட்டு ஏரியில் பூநாரைகள் கூட்டங் கூட்டமாக இரை தேடுவதைக் காணலாம். அவற்றின் பேன்கள் வாத்தின் பேன்களை ஒத்திருப்பவை. அது கண்ட அறிஞர் சிலர், பூநாரையும் வாத்தும் நெருங்கிய உறவின என்று கருதினர். ஆனால் பூநாரைக்கு நெருங்கிய உறவு, நம் குளங்களில் மூழ்கி எழும் முக்குளிப்பானே என்பதை 2001-ஆம் ஆண்டில் மரபணு ஆய்வு காட்டிற்று. அவ்வாறாயின் பேன் பொய்ச்சான்று கூறியதோ? இல்லை. பூநாரையின் பேனும் முக்குளிப்பானின் பேனும் ஒரு கால்வழியின என்றும், பூநாரையிடமிருந்தே பேன்கள் பண்டொரு நாள் வாத்திடம் குடியேறின என்றும் 2006-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெளிவாக்கியது. சான்று மெய்யே கூறியது. அதனைக் கேட்டவரே அரைகுறையாகக் கேட்டனர்.

இதனின்று நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. உருவச் சிறுமை கண்டு எவ்வுயிரையும் எள்ளலாகாது. ஒரே ஒற்றுமையைக் கண்ட மாத்திரத்தில் முடிவு கட்டுதலும் ஆகாது. பொறுமையுடன் நோக்கிப் பலவற்றையும் ஒப்பிட்டு ஆராய்பவருக்கே இயற்கை தன் உண்மையைப் புலப்படுத்தும்.