மூன்று பொழுதுக் கணக்கு



ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. காயாத துணிகள் வீட்டுக்குள்ளேயே கொடியில் தொங்குகின்றன. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, "பிள்ளைக்குச் சளி விடமாட்டேன் என்கிறது, கைவைத்தியம் ஏதாவது சொல்லுங்களேன்" என்றே கேட்கின்றன. என் அம்மாச்சியிடம் கற்றதைச் சொல்கிறேன்.

தேனிப் பக்கம் எங்கள் வீட்டில் மழைக்காலம் தொடங்குவது கல்லுரல் சத்தத்தோடுதான். அம்மாச்சி கத்தி முனையால் சுக்கின் தோலைப் பொறுமையாகச் சுரண்டுவார். சுக்குக்கு வெளித்தோலும் கடுக்காய்க்கு உள்கொட்டையும் ஆகாது என்பது நாட்டு வைத்தியத்தின் பாலபாடம். பிறகு சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் வெறும் சட்டியில் மணம் வர வறுத்து இடித்து, சலித்து, பீங்கான் ஜாடியில் போட்டு வைப்பார். தொண்டை கரகரத்தால் அதில் ஒரு சிட்டிகை, தேனில் குழைத்து நாக்கில் தடவுவார். கற்பூரவல்லி இலையை அனலில் வாட்டினால் சொட்டுச் சொட்டாகச் சாறு இறங்கும். அதற்கும் தேன்தான் துணை. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் வேண்டவே வேண்டாம்.

தூதுவளை இலையின் முள்ளை நீக்கி, நெய்யில் வதக்கி ரசம் வைத்தால் சளி பிடித்த பிள்ளைகூட இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிடும். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது பெரியவர்களோடு இருக்கட்டும். கொதிக்கும் பாத்திரத்தைச் சிறுபிள்ளைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். நடவு வயலில் நின்று சேற்றுப்புண்ணோடு வருகிறவர்களுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போடுவோம். அதற்கு முன்பு விரலிடுக்கைத் துணியால் ஒற்றி ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். ஈரத்தின் மேல் எதைப் பூசினாலும் நிற்காது.

வயிற்றுப்போக்குக்கு அம்மாச்சி தந்தது உப்புப் போட்ட நீர்த்த அரிசிக் கஞ்சி. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்கச் சொல்கிறார்களே மருத்துவர்கள், அதன் வேலையும் இதுதான்: போன நீரையும் உப்பையும் உடம்புக்குத் திருப்பித் தருவது.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது அம்மாச்சி வைத்திருந்த ஒரு கணக்கை. "மூணு பொழுது பாப்பேன். அடங்கலேன்னா வண்டியக் கட்டு" என்பார். கஷாயத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட மாட்டார். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், நாக்கு வறண்டிருக்கிறதா என்று பார்ப்பார், கடைசியாக எப்போது சிறுநீர் போனாய் என்று கேட்பார். கைவைத்தியத்தில் பாதி மருந்து, பாதி இந்தக் கவனிப்பு.

அந்தக் கவனிப்பை நாங்களே ஒருமுறை கைவிட்டோம். சில ஆண்டுகளுக்கு முன் தம்பி மகனுக்குக் காய்ச்சல். வேளை தவறாமல் நிலவேம்புக் குடிநீர் கொடுத்தோம். நான்காம் நாள் உடம்பு குளிர்ந்தது. நிலவேம்பு கேட்டுவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். சாயங்காலம் பார்த்தால் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறான், குடித்ததெல்லாம் வாந்தி, கை கால் சில்லிட்டிருக்கிறது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கண்டம் என்பதை மருத்துவமனையில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டோம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குவது அப்போதுதானாம். நல்ல வேளை, பிள்ளை பிழைத்தான். அந்த ராத்திரியை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்கும்.

நிலவேம்பின் மேல் எனக்குக் கோபமில்லை. வெட்டிவேர், பற்படாகம், கோரைக்கிழங்கு, பேய்ப்புடல் என ஒன்பது சரக்கு சேர்த்துச் சித்த மருத்துவர்கள் வகுத்த குடிநீர் அது. அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டதுதான் எங்கள் பிழை. தீராத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், மூச்சு வாங்குதல், எழுப்பினாலும் எழாத சோர்வு, இதில் ஒன்று தென்பட்டாலும் மூன்று பொழுதும் பார்க்க வேண்டாம்; உடனே கிளம்புங்கள். உடம்பு வலிக்கிறதே என்று ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

நேற்றுக் காலை மொட்டை மாடியில் கற்பூரவல்லி பறிக்கப் போனேன். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் இரண்டு விரற்கடைத் தண்ணீர். தெளிந்த நீர்தான். குனிந்து பார்த்தால் உள்ளே நெளிநெளியாகக் கொசுப்புழுக்கள். சளிக்கு மருந்து மேலே, காய்ச்சலுக்கு விதை கீழே! தட்டைக் கவிழ்த்துவிட்டு, ஓரத்தில் முட்டை ஒட்டியிருக்கும் என்பதால் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தேன். இதழைச் சற்றுக் கீழே வைத்துவிட்டு உங்கள் வீட்டுத் தொட்டித் தட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்