மௌனம் சம்மதமா?

"சந்தா" என்ற வார்த்தையைப் பத்திரிகைக்காரர்களைப் போல் நேசிப்பவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது என்று நாம் வெகுகாலம் எண்ணியிருந்தோம். அது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது தெரிகிறது. கம்ப்யூட்டருக்கும் கைபேசிக்கும் வேண்டிய மென்பொருள்களைச் செய்து விற்கிறவர்கள், நம்மைக் காட்டிலும் நூறு மடங்கு அதிகமாக அந்த வார்த்தையின்மீது மோகங் கொண்டிருக்கிறார்கள்!

முன்னெல்லாம் மென்பொருளைப் பெட்டியில் வைத்து விற்றார்கள். ஒரு தடவை பணத்தைக் கொடுத்து வாங்கிவிட்டால் பிறகு அது நம் வீட்டு அம்மிக்கல்லைப் போல் நம்மிடமே கிடக்கும். அந்தக் காலம் மலையேறி விட்டது. சித்திர வேலைக்குரிய மென்பொருள்களுக்குப் பேர்போன அடோபி கம்பெனியார், இனிப் புதிய பதிப்புக்களைச் சந்தா முறையில்தான் தருவோம் என்று 2013-ம் வருஷத்தில் அறிவித்தார்கள். மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக அவ்வழியிலேயே சென்றார்கள். வைரஸைத் தடுக்கச் சந்தா, புகைப்படத்தைத் திருத்தச் சந்தா, கடிதத்தில் பிழை பார்க்கச் சந்தா என்று ஆகிவிட்டது.

வாடகைக்குக் குடியிருப்பது பாவமன்று. வாடகை வாங்குவதும் பாவமன்று. ஆனால் வாடகை வாங்க வருகிறவர் வாசலில் நின்று கூப்பிட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும் அல்லவா? இந்தப் புதிய வீட்டுக்காரர்கள் வாசலுக்கே வருவதில்லை. நேரே பெட்டிக்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்படி எடுக்கும்படி நாம் என்றைக்கோ ஒருநாள் அனுமதி கொடுத்திருக்கிறோம் என்பதுதான் இதிலுள்ள விசேஷம்.

* * *

நமது நண்பர் ஒருவர் ரயில்வே கணக்கு இலாகாவில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பிறர் கணக்கில் உள்ள பிழையைப் பத்து கஜ தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கக் கூடியவர். சென்ற மாதம் அவர் தமது பாங்கிப் புத்தகத்தைப் பதிந்துகொண்டு வந்தார். அதில், முன்பின் கேட்டறியாத ஒரு பெயருக்கு எதிரே 1,178 ரூபாய் 82 பைசா பற்று எழுதப்பட்டிருந்தது.

நண்பருக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டில் கைபேசியும் கையுமாக எப்போதும் இருப்பவன் பதினாறு வயதுப் பேரன் ஒருவன்தான். "ஏதாவது விளையாட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறாய்! உண்மையைச் சொல்லிவிடு!" என்றார். "நான் இல்லை, தாத்தா" என்றான் பையன். திரும்பவும் கேட்டார்; பையன் பதிலே சொல்லவில்லை. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி அல்லவா? குற்றம் ருசுவாகிவிட்டதென்று தாத்தா தீர்மானித்தார். பையன் அன்றிரவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் நண்பர் பாங்கிப் புத்தகத்துடன் நம்மிடம் வந்தார். நாமும் அவரும் சேர்ந்து துப்பறியும் வேலையில் இறங்கினோம்.

முதலில் பெயரைக் கவனித்தோம். மென்பொருளைச் செய்கிறவர் ஒருவராகவும், அதை விற்று வரி கட்டி ரசீது கொடுப்பவர் வேறொருவராகவும் இருப்பதுண்டு. இதையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் இருக்கின்றன. லண்டனைச் சேர்ந்த பேடில் கம்பெனி அவற்றில் ஒன்று. கூகிள் கடையிலோ ஆப்பிள் கடையிலோ வாங்கிய சாமானுக்கும், கணக்கில் அந்தக் கடையின் பெயர்தான் முன்னால் நிற்கும். இது போதாதென்று, கணக்கில் வியாபாரியின் பெயருக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் 22 எழுத்துக்களுக்கு மேல் இல்லை. நீளமான பெயராயிருந்தால் வாலையோ தலையையோ வெட்டித்தான் அதற்குள் அடைக்க வேண்டும். ஆகையால் பெயர் தெரியவில்லை என்பதனாலேயே திருட்டு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அடுத்தபடியாகத் தொகை. இங்கேதான் நண்பருடைய ரயில்வே மூளை வேலை செய்தது. "இந்த 82 பைசா எங்கிருந்து வந்தது?" என்று கேட்டவர், பென்சிலை எடுத்து நூற்றுக்குப் பதினெட்டு வரியைக் கழித்துப் பார்த்தார். மிச்சம் சரியாக 999 ரூபாய்! கடைக்காரர்களுக்கு மிகவும் பிரியமான எண் அல்லவா அது? டாலரில் விலை வைத்த சந்தாவாயிருந்தால் இவ்வளவு சுலபமாக அகப்பட்டிராது. டாலரின் மதிப்பு மாறிக்கொண்டே இருக்கிறது. அந்நியச் செலாவணிக்கென்று பாங்கி வாங்கும் கட்டணமும் அதன்மேல் வரியும் சேருகின்றன. ஆதலால் ஒரே சந்தா மாதத்துக்கு ஒரு தொகையாகத் தோற்றமளிக்கும்.

மூன்றாவது, தேதி. சென்ற மாதத்தின் அதே தேதியைப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. சென்ற வருஷத்தின் அதே தேதியைப் பார்த்தோம். அதே பெயர்! அதே 1,178 ரூபாய் 82 பைசா! அது நண்பருடைய பேத்தியின் கல்யாணச் சமயம். நகைக்கடை, ஜவுளிக்கடை, சத்திரம் என்று ஆயிரங்களும் லட்சங்களும் ஓடிய வெள்ளத்தில் இந்தச் சிறு துரும்பு யார் கண்ணிலும் படவில்லை.

நாலாவதாக, நண்பருடைய மின்னஞ்சல் பெட்டியில் அந்தத் தொகையைப் போட்டுத் தேடினோம். ரசீது வெளியே வந்தது. அதைப் படித்ததும் நண்பரின் முகம் போன போக்கை நாம் வர்ணிக்கப் போவதில்லை. பேத்தியின் ஜாதகப் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்துப் பிள்ளை வீட்டாருக்கு அனுப்புவதற்காக, அவரே தம் கையால் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்ட மென்பொருள் அது. "முதல் ஏழு நாள் இலவசம்" என்று போட்டிருந்தது. இலவசத்துக்கு எதற்காகக் கார்டு எண் கேட்கிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. காரியம் முடிந்ததும் மென்பொருளைக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டார். அதோடு விவகாரம் தீர்ந்தது என்று நினைத்தார்.

தீரவில்லை. பத்திரிகையைக் கிழித்துப் போட்டால் சந்தா நின்றுவிடுமா? மென்பொருளை அழிப்பது வேறு, சந்தாவை ரத்துச் செய்வது வேறு. இந்த ஒன்றை மாத்திரம் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும்.

* * *

அந்த நாளில் பத்திரிகைச் சந்தா முடிந்துபோனால், வி.பி.பி.யில் அடுத்த இதழை அனுப்புவார்கள். தபால்காரர் வாசலில் வந்து நிற்பார். பிரியமிருந்தால் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்; இல்லையேல் "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிவிடலாம். வீட்டில் ஒருவரும் இல்லாவிட்டாலும் அது திரும்பித்தான் போகும். அதாவது, நமது மௌனத்துக்கு "வேண்டாம்" என்று அர்த்தம். இந்தப் புதிய ஏற்பாட்டிலோ அர்த்தம் தலைகீழாக மாறிவிட்டது. நாம் பேசாதிருந்தால் "வேண்டும்" என்று சொன்னதாகவே கணக்கு!

இந்த அநியாயத்துக்கு ரிசர்வ் பாங்கி ஓரளவு கடிவாளம் போட்டிருக்கிறது. 2021 அக்டோபர் 1-ந் தேதி முதல் கண்டிப்பாக அமுலுக்கு வந்த விதிகளின்படி, இவ்வாறு தானாக எடுக்கும் பணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகப் பாங்கி நமக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். யாருக்கு, எவ்வளவு, என்றைக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு தவணையையோ அல்லது ஏற்பாடு முழுவதையுமோ வேண்டாமென்று சொல்ல நமக்கு வழியும் இருக்க வேண்டும். 2022 ஜூனில், 15,000 ரூபாய் வரையில் ஒவ்வொரு தடவையும் ரகசிய எண் கேட்காமலே எடுக்கலாம் என்று வரம்பு உயர்த்தப்பட்டது. ஆகவே அந்த முன்னறிவிப்புத்தான் இப்போது நம் வாசலில் நிற்கும் தபால்காரர்.

நண்பருக்கும் அந்த அறிவிப்பு வந்துதான் இருந்தது. வீட்டுமனை விளம்பரத்துக்கும் கடன் தருகிறோம் என்ற அழைப்புக்கும் நடுவில், படிக்கப்படாமல் கிடந்தது.

* * *

சந்தா நம்முடையதுதான் என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? வாங்கிய இடத்திலேயே ரத்துச் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசியில் வாங்கியதானால் பிளே ஸ்டோரில் நமது படத்தைத் தொட்டால் சந்தாக்களின் பட்டியல் கிடைக்கும். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் நமது பெயரைத் தொட வேண்டும். யு.பி.ஐ. மூலம் கொடுத்திருந்தால், அந்தச் செயலியிலேயே ஆட்டோபே என்ற பகுதியில் எல்லா அனுமதிகளும் வரிசையாக இருக்கும். கார்டு மூலமானால் பாங்கியின் வலைத்தளத்திலும் அனுமதியை வாபஸ் பெறலாம். ரத்துச் செய்ததற்கு அத்தாட்சியாக வரும் கடிதத்தைப் பத்திரப்படுத்துவது அவசியம். பிறகு ரசீது எண்ணைக் குறிப்பிட்டுப் பணத்தைத் திருப்பித் தரும்படி மரியாதையாக எழுதிக் கேட்கலாம். நண்பர் அப்படியே எழுதினார். இவ்வருஷத்துத் தொகை திரும்பி வந்தது. போன வருஷத்தியது கிணற்றில் போட்ட கல்தான்.

நாமே வாங்கியதை "நான் வாங்கவேயில்லை" என்று பாங்கியில் புகார் எழுதுவது மட்டும் கூடாது. அது பொய். உண்மையான திருட்டு நடக்கும் அன்று நம் வார்த்தைக்கு மதிப்பு இருக்க வேண்டாமா?

எவ்வளவு தேடியும் ரசீது இல்லை, வீட்டில் யாரும் வாங்கவில்லை என்றால், ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. ஐந்து ரூபாய்தானே என்று அலட்சியம் செய்யவும் கூடாது. திருடிய கார்டு வேலை செய்கிறதா என்று திருடர்கள் முதலில் சிறு தொகையை எடுத்துத்தான் பரீட்சை பார்ப்பார்கள். கார்டைத் தடுத்து நிறுத்திப் பாங்கியில் புகார் எண் வாங்க வேண்டும். 2017 ஜூலை 6-ந் தேதி ரிசர்வ் பாங்கி வெளியிட்ட உத்தரவு, பாங்கியின் பேரிலும் நம் பேரிலும் குற்றமில்லாமல் வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் நமக்கு நஷ்டமே இல்லை என்று வகுத்தது. நாள் ஏற ஏற நஷ்டத்தில் நமது பங்கும் ஏறும். ரகசிய எண்ணை நாமே பிறருக்குச் சொல்லிவிட்டிருந்தாலோ, புகார் செய்யும் வரையிலுள்ள நஷ்டம் நம் தலையில்தான். மோசடி என்று நிச்சயமானால் 1930 என்ற எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும். பாங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டால் ரிசர்வ் பாங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

பாங்கியின் தொலைபேசி எண்ணைக் கண்ட இடத்தில் தேடி எடுக்க வேண்டாம். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணே போதும். தேடிப் பிடித்த எண்ணில் பேசி, ஆயிரம் ரூபாயை மீட்கப் போய் அறுபதாயிரத்தை இழந்தவர்களை நமக்குத் தெரியும்.

* * *

சந்தாவில் சேர்வதற்கு ஒரு வாசலும், வெளியேறுவதற்கு ஒன்பது தாழ்ப்பாளும் வைக்கும் வியாபாரத்துக்கு நமது சர்க்கார் ஒரு பெயர் கொடுத்திருக்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ந் தேதி வெளியிட்ட விதிகளில், தவிர்க்க வேண்டிய 13 தந்திரங்களுள் ஒன்றாகச் "சந்தாப் பொறி"யும் இடம் பெற்றிருக்கிறது. இலவசம் என்று சொல்லிக்கொண்டே கார்டு எண்ணைக் கட்டாயமாகக் கேட்பதும் அந்தப் பொறியைச் சேர்ந்ததுதான். இவற்றைப் பற்றிப் புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது. ஆனால் விதி வந்துவிட்டது என்பதற்காக எலிப்பொறியில் வடையின் வாசனை குறைந்துவிடாது. எலிதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நண்பர் அன்று வீட்டுக்குத் திரும்பியதும் பேரனை அழைத்து, "தப்பு என்னுடையதப்பா" என்று சொன்னாராம். முப்பது வருஷ உத்தியோகத்தில் அந்த வார்த்தையைச் சொல்ல நேர்ந்ததில்லை என்று நம்மிடம் தெரிவித்தார். பையன் இப்போது மாதம் ஒரு முறை தாத்தாவுடன் உட்கார்ந்து கணக்கைப் பார்க்கிறான். 1,178 ரூபாய் 82 பைசாவைக் காட்டிலும் அந்த வீட்டில் பெரிய நஷ்டம் ஒன்று நேர்ந்திருக்கும். அது நேராமல் போயிற்று.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று பெரியோர்கள் கல்யாணப் பெண்ணைக் குறித்துச் சொன்னார்கள். இந்த நாளில் கல்யாணப் பெண்ணைக்கூட வாய்திறந்து சொல்லும்படி கேட்கிறோம். நம் பெட்டியிலிருந்து பணத்தை எடுப்பதற்கு மட்டும் மௌனம் போதுமா?