போன பிள்ளையிடம் என்ன கேட்கிறோம்?



ஆவணி, புரட்டாசி மாதங்களில் மதுரை பெருங்குடி விமான நிலையத்துப் பக்கம் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரே ஒரு பிள்ளையை வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருப்பார்கள். பாட்டி நெற்றியில் திருநீறு பூசிவிடுவார். தாய்மாமன் பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, எடை கூடிப்போச்சோ என்று கவலைப்படுவார். பெட்டிக்குள் இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், சின்ன குக்கர், புதிதாக வாங்கிய கம்பளிச் சட்டை. ஜெர்மனியில் குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபரில் தொடங்குகின்றன. ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர்தான். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று நம் சுற்றுவட்டாரத்திலிருந்து போகிற இந்தப் பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். அந்த வீட்டில் முதன்முதலாக விமானம் ஏறுகிறவர்களும் அவர்கள்தான்.

இந்த மாத ஆசிரியர் பக்கம் அந்தப் பிள்ளைகளுக்கும், அவர்களை அனுப்பிவைத்த வீடுகளுக்கும்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்ற பேச்சு நம் ஊரில் பலமாக இருக்கிறது. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஸ்டட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடெல்பெர்க் போன்ற ஊர்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் அப்படி வரும் மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. கட்டணமே இல்லாத இடத்திலும், விசா வாங்குவதற்கு முன் முடக்கக் கணக்கு ஒன்றில் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவைக் காட்ட வேண்டும். நம் பணத்தில் ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய். அது பிள்ளையின் பணம்தான்; அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகக் கைக்கு வரும். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதற்குள்தான். இந்த 12 லட்சத்துக்காகத்தான் நம் வீடுகளில் நகை அடகுக்குப் போகிறது, புஞ்சை விலைக்குப் போகிறது.

இவ்வளவும் செய்து அனுப்பிய வீடு, விமானம் இறங்கிய மூன்றாம் மாதமே கேட்கத் தொடங்கிவிடுகிறது: "பகுதி நேர வேலை கிடைச்சிருச்சா? எவ்வளவு வருது?" படிப்பு முடியும் முன்பே உறவினர்கள் கேட்பார்கள்: "அங்கே சம்பளம் எவ்வளவு?" தவறான எண்ணத்தில் யாரும் கேட்பதில்லை. கடன் கழுத்தை நெரிக்கும்போது வாயில் வருவது இதுதான். ஆனால் இந்த ஒற்றைக் கேள்வி அந்தப் பிள்ளையை என்ன செய்கிறது என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

திருமங்கலம் பக்கம் ஒரு வாசகர் குடும்பம். மகன் ஜெர்மனியில் இயந்திரப் பொறியியல் முதுகலை படிக்கிறான். விடுமுறைக்கு வந்தபோது நம் அலுவலகத்துக்கு வந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தான். அவன் சொன்னது இது: நம் கல்லூரிகளில் பருவத்துக்கு இரண்டு, மூன்று உள்தேர்வு உண்டு, அசைன்மென்ட் மதிப்பெண் உண்டு, வருகைப் பதிவு உண்டு. அங்கே பல பாடங்களுக்கு இவை எதுவும் இல்லை. வகுப்புக்கு வந்தாயா என்று யாரும் கேட்பதில்லை. பருவ இறுதியில் ஒரே ஒரு தேர்வு, அவ்வளவுதான். மதிப்பெண் முறையும் தலைகீழ். 1.0 என்றால் முதல் தரம், 4.0 என்றால் மயிரிழையில் தேர்ச்சி. அதற்கு மேல் போனால் தோல்வி. ஒரே பாடத்தில் மூன்று முறை தோற்றால் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அந்தப் படிப்பைவிட்டே வெளியேற வேண்டியதுதான்.

முதல் பருவத்தில் அவன் ஒரு பாடத்தில் தோற்றுவிட்டான். இன்னொன்றில் 4.0. அம்மா போனில் கேட்டிருக்கிறார், "எத்தனை எடுத்தே?" "நாலு எடுத்திருக்கேன்மா." "நாலுக்கு நாலா?" மறுமுனையில் இவன் "ம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அன்று மாலை அம்மா கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தாராம். "அந்தக் கேசரி போட்டோவை வாட்ஸ்அப்பில் பார்த்ததும் சாப்பாடே இறங்கலை சார். தோத்ததைச் சொன்னா, புஞ்சையை வித்து அனுப்பினோமேன்னு அப்பா நினைப்பாரேன்னு பயமா இருந்துச்சு" என்றான்.

அந்தப் பருவம் நடக்கும் குளிர்காலத்தையும் நினைத்துப் பாருங்கள். டிசம்பர் நாட்களில் பெர்லினில் காலை எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் உதிக்கும். மாலை நான்கு மணிக்கெல்லாம் மறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வீட்டுக்காரர் கடிதம், காப்பீட்டுக் கடிதம், நகராட்சிக் கடிதம் எல்லாம் ஜெர்மன் மொழியில்தான் வரும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அது நடக்காமல் மற்ற வேலைகள் நகராது. வருடத்துக்கு 140 முழு நாட்கள் வரை வேலை பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் மொழி தெரியாதவனுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கிடங்கு வேலையும் உணவு விநியோகமும்தான். இரவு ஒன்பது மணிக்கு வேலை முடித்து அறைக்கு வந்து வீட்டுக்குப் பேசலாம் என்றால், மதுரையில் நேரம் ஒன்றரை மணி. எல்லோரும் தூங்கியிருப்பார்கள். இத்தனைக்கும் நடுவில் இருப்பவனிடம்தான் நாம் "எவ்வளவு வருது" என்று கேட்கிறோம். அவன் பொய் சொல்லப் பழகிக்கொள்கிறான். சொல்லாத தோல்வி பெருகிக்கொண்டே போகிறது.

சம்பளத்தை வைத்தே வெளிநாட்டுப் படிப்பை அளப்பது நம் மதுரையின் வழக்கமாக இருந்ததில்லை. இந்த ஊர் ஒரு பாரிஸ்டரை எப்படி அளந்தது என்று பாருங்கள்.

ஜார்ஜ் ஜோசப் 1887இல் கேரளத்தின் செங்கன்னூரில் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்துவிட்டு எடின்பரோ போய்த் தத்துவத்தில் முதுகலை முடித்தார். லண்டன் மிடில் டெம்பிளில் சட்டம் படித்து, 1909இல் ஊர் திரும்பினார். வீட்டுக் கடிதம் கப்பலில் வந்து சேர வாரக்கணக்கில் ஆன காலம் அது. லண்டன் பாரிஸ்டர் பட்டம் என்றால் அன்று காசு கொட்டும் பட்டம். சென்னையில் தொழிலைத் தொடங்கியவர் விரைவிலேயே மதுரைக்கு வந்தார். இதையே தன் ஊராக்கிக்கொண்டார்.

அப்போது உசிலம்பட்டிப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் மக்கள்மீது குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்திருந்தது. ஒரு குற்றமும் செய்யாதவர்களும் கைரேகை வைக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்துக்கு வந்து படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அந்த மக்களுக்காக நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் வாதாடியவர் ஜார்ஜ் ஜோசப். லண்டனில் கற்ற சட்டத்தை, ஆங்கிலேய அரசாங்கம் போட்ட சட்டத்துக்கு எதிராகவே நிறுத்தினார். ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்கத் துணை நின்றார். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் வருமானம் தரும் வக்கீல் தொழிலையே விட்டார், சிறைக்கும் போனார். காந்தியின் 'யங் இந்தியா'வுக்கு ஆசிரியராக இருந்தார். வைக்கம் போராட்டத்திலும் முன்னின்றார்.

மக்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரோசாப்பூ துரை'. அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டிய குடும்பங்கள் உண்டு. 1938 மார்ச் மாதம் மதுரையில் காலமானபோது அவருக்கு வயது 50. குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நீங்கியது 1947இல். அதைக் காண அவர் இல்லை. மதுரை யானைக்கல்லில் நிற்கும் அவர் சிலைக்கு மாலை போடுகிறவர் யாரும், அவர் எவ்வளவு சம்பாதித்தார் என்று கேட்பதில்லை. இத்தனைக்கும் அவர் இந்த மண்ணில் பிறந்தவர்கூட இல்லை. படிப்பை யாருக்காகப் பயன்படுத்தினார் என்பதை வைத்து மதுரை அவரைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டது.

போகிற பிள்ளைகள் எல்லோரும் ஜார்ஜ் ஜோசப் ஆக வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. கடனை அடைப்பதும் தங்கையைக் கரையேற்றுவதும் பெரிய காரியங்கள்தான். திரும்பி வர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் சரியில்லை. ஆனால் நிலத்தடி நீரை எப்படி மீட்பது, குப்பையை எப்படிப் பிரிப்பது, சூரிய ஒளியில் எப்படி மின்சாரம் எடுப்பது என்று அங்கே பாடம் படிக்கிற பிள்ளை, வைகையையும் வறண்டு கிடக்கும் நம் கண்மாய்களையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தால் போதும். ஊருக்கு எழுதுகிற ஒரு கட்டுரை, பழைய பள்ளிக்கூடத்து மாணவர்களோடு வீடியோவில் பேசுகிற ஒரு மணி நேரம், அடுத்து வருகிறவனுக்கு வாடகை அறை தேடித் தருகிற உதவி: இவையும் அந்தப் படிப்பின் வரவில்தான் சேரும்.

கிளம்பத் தயாராகும் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். எந்த ஏஜென்ட்டிடமும் பணம் கட்டும் முன், பல்கலைக்கழகத்தின் இணையதளத்தை நீங்களே திறந்து படியுங்கள். ஜெர்மனிக்கு வேண்டிய, நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணமும் இல்லை, மாதம் 1,400 யூரோவும் உண்டு. அதற்கும் இடைத்தரகர் தேவையில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது, உடனே விசாரியுங்கள். ஆங்கில வழி வகுப்புதானே என்று அசட்டையாக இருக்காமல், போகும் முன்பே அந்த நாட்டு மொழியைப் பேசும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். வேலையும் நட்பும் அதன் வழியாகத்தான் வரும். தோற்றால் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனை மையத்துக்குப் போங்கள். அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திருமங்கலத்துப் பையன் தோற்ற பாடத்தில் இரண்டாவது முறை தேறிவிட்டான். 4.0 என்றால் என்ன என்பதையும் இந்த விடுமுறையில் அம்மாவிடம் சொல்லிவிட்டான். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா" என்று மட்டும் சொன்னாராம்.

பெற்றோரே, நீங்களும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். அடுத்த முறை போன் வரும்போது சம்பளத்தை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா, தூங்கினாயா, எந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது, யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாய் என்று கேளுங்கள். தோற்றாலும் வீடு உன்னுடையதுதான் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தத் தைரியம் இருக்கும் பிள்ளை படித்தும் தேறும், ஊருக்கும் உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்