சைட்டில் நின்றால் போதுமா?

பிளஸ் டூ முடிவு வந்து, கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் போடும் நாட்களில் கட்டடத் துறையைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே தீர்ப்புதான் காதில் விழும்: "கட்டட வேலைய நிர்வாகம் பண்ண ஒரு டிகிரியா? நாலு வருஷம் சைட்ல நின்னா தானா வந்துடும்." இப்படிச் சொல்பவர்கள் கட்டடம் தெரியாதவர்கள் அல்லர். கான்ட்ராக்டர்கள் சொல்கிறார்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள் சொல்கிறார்கள், கட்டுமான நிறுவனம் நடத்துபவர்களே சொல்கிறார்கள். அதனாலேயே இந்தப் பேச்சுக்கு மதிப்பு கூடிவிட்டது. இது தவறான நம்பிக்கை. கேட்டவர்கள் நம்பி நடப்பதால் உயிரையும் வாங்கும் நம்பிக்கை.

நம் ஊரில் கட்டுமான மேலாண்மை பெரும்பாலும் மேற்படிப்பாகவே இருக்கிறது. சிவில் முடித்தவர்கள் அண்ணா பல்கலைக்கழகத்திலோ சென்னை ஐஐடியிலோ அதைப் படிக்கிறார்கள். இளநிலை சிவில் மாணவருக்கு அது ஒன்றிரண்டு தாள்களோடு முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் பர்டியூ, ஆபர்ன் போன்ற பல்கலைக்கழகங்களில் இது நான்காண்டு இளநிலைப் பட்டம். அத்தகைய பட்டங்களை ஆராய்ந்து அங்கீகாரம் தருவதற்கென்றே 1974 முதல் ஓர் அமைப்பு அங்கே இயங்குகிறது. பக்கத்தில், இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக்கழகம் கட்டட அளவையையும் செலவுக் கணக்கையும் தனி இளநிலைப் பட்டமாகக் கற்பிக்கிறது. நாம் மட்டும் "தானா வந்துடும்" என்று உட்கார்ந்திருக்கிறோம்.

தானாக என்ன வரும் என்று பார்ப்போம். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குத் தளம் போடும் ஒரு காலை. ஐந்து அங்குலத் தளம், பீமை விட்டுவிட்டாலும் ஏறக்குறைய 12 கனமீட்டர் கான்கிரீட், ரெடிமிக்ஸ் என்றால் இரண்டு லாரி. ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கலவையை இறக்கிவிட வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. இறுகுவதைத் தள்ளிப்போடும் ரசாயனம் சேர்த்திருந்தால்தான் கூடுதல் அவகாசம். முதல் லாரி பாதி இறங்கும்போது பம்ப் அடைத்துக்கொள்கிறது. இரண்டாவது லாரி தெருமுனையில் வெயிலில் டிரம்மைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. கலவை இறுகத் தொடங்கியதும் டிரைவர் குழாயை எடுத்து டிரம்முக்குள் தண்ணீர் விடுகிறார். கலவை இளகி ஓடுகிறது, எல்லோருக்கும் வேலை சுலபமாகிறது, மாலைக்குள் தளம் முடிகிறது. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. பலம் குறைந்தது உள்ளேயே இருக்கும்.

இப்படி இருபது வருடம் வேலை பார்த்தவர் என்ன கற்றிருப்பார்? தண்ணீர் விட்டால் ஒன்றும் ஆகாது என்பதைத்தான். "எத்தனை வீடு கட்டியிருக்கோம், ஒண்ணாவது விழுந்திருக்கா?" என்று அவர் நேர்மையாகவே கேட்பார். அவர் பொய் சொல்லவில்லை. கான்கிரீட் தன் குறையை அன்றைக்கே சொல்வதில்லை. மழைநீர் கசிந்து, கம்பி துருவேறி, கூரைப் பூச்சு பெயர்ந்து விழும்போது பத்துப் பதினைந்து வருடம் ஓடியிருக்கும்; தளம் போட்ட ஆட்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ! செய்த தவறு திரும்பி வர இவ்வளவு காலம் பிடிக்கும் தொழிலில் அனுபவம் தனியாக நின்று எதையும் கற்றுத்தர முடியாது. பிறர் செய்த தவறுகளையும் அவற்றின் காரணங்களையும் திரட்டி வைத்திருக்கும் படிப்பு அதற்குத் துணை நிற்க வேண்டும்.

அன்று காலை நடந்ததில் நிர்வாகம் எங்கே இருக்கிறது என்றும் கேட்கலாம். முதல் லாரி பாதி காலியாகும் முன் இரண்டாவது லாரி ஆலையை விட்டுக் கிளம்பக்கூடாது என்று சொல்லிவைப்பது நிர்வாகம். பம்ப் நின்றால் மாற்று என்ன என்று முன்பே யோசிப்பது, நேரம் கடந்த லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் யாருக்கு, அதன் விலை யார் தலையில் என்பதை ஆர்டரிலேயே எழுதிவைப்பது எல்லாம் நிர்வாகம்தான். இந்த அளவு கான்கிரீட்டுக்குக் குறைந்தது இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப் எடுத்து 28ஆம் நாள் உடைத்துப் பார்க்க வேண்டும். அந்த முடிவைப் படித்துப் பார்க்கவும் ஒருவர் வேண்டும். முட்டுப் பிரிப்பதும் அப்படித்தான். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், ஆறு மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள் முட்டு நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் அடுத்த சைட்டுக்குப் பலகை வேண்டும் என்று சென்ட்ரிங்காரர் ஐந்தாம் நாளே வந்து நிற்பார், ஜாக்கி வாடகை வேறு ஏறிக்கொண்டிருக்கும். எத்தனை செட் பலகை எத்தனை நாளைக்கு என்று முதலிலேயே கணக்குப் போட்டிருந்தால் இந்த நெருக்கடியே வராது. கணக்குப் போடாத சைட்டில் நெருக்கடிதான் முடிவெடுக்கிறது.

சைட் அறிவு மட்டும் போதும் என்பவர்கள் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி ஹயாத் ரீஜன்சி ஹோட்டல் விபத்தைப் படிக்க வேண்டும். 1981 ஜூலை 17 அன்று அங்கே தொங்கு நடைபாதைகள் அறுந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். நான்காம் மாடி நடைபாதையும் இரண்டாம் மாடி நடைபாதையும் ஒரே நீளக் கம்பியில் தொங்குவதாகத்தான் வரைபடம். அவ்வளவு நீளக் கம்பியில் மரை போட்டு நட்டை ஏற்றுவது சிரமம் என்று அதை இரண்டு கம்பியாக மாற்றினார்கள். வேலை தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடிய, நல்லதென்றே படக்கூடிய மாற்றம் அது. ஆனால் அந்த மாற்றத்தால் கீழ் நடைபாதையின் பாரமும் மேல் நடைபாதையின் நட்டில் வந்து விழுந்தது. அங்கே பாரம் இரட்டிப்பானது. முதல் வரைபடமே விதிப்படி போதிய பலமில்லாதது என்பது விசாரணையில் தெரிந்தது. மாற்றம் அதை இன்னும் மோசமாக்கியது. மறுபடி கணக்குப் போடாமலே ஒப்புதல் கிடைத்திருந்தது. யார் மாற்றுவது, யார் சரிபார்ப்பது, யார் கையெழுத்திடுவது என்ற ஒழுங்கு குலைந்ததால் நேர்ந்த சாவுகள் இவை. கட்டுமான மேலாண்மை வகுப்பில் இதை ஒரு வாரம் பாடமாக நடத்தலாம். சைட்டில் இதை நேரில் கற்றுக்கொள்ள எவரும் ஆசைப்படக்கூடாது.

காலமும் பணமும் சார்ந்த அறிவும் நின்று பார்த்து வருவதில்லை. எந்த வேலை தாமதித்தால் மொத்தக் கட்டடமும் தாமதமாகும், எதற்கு நாள் இருக்கிறது என்று பிரித்தறியும் முறையை 1957இல் டூபான்ட் நிறுவனத்துக்காக உருவாக்கினார்கள். இன்றும் நம் சைட்டுகளில் எல்லாத் தாமதத்துக்கும் ஒரே பதில்தான்: ஆளைக் கூட்டு. வீடு கைக்கு வராமல் வாடகையும் கட்டி, வங்கித் தவணையும் கட்டும் குடும்பம் அந்தப் பதிலுக்கு விலை கொடுக்கிறது. 2016இன் ரியல் எஸ்டேட் சட்டப்படி, ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பில் குறை தெரியவந்தால் வாங்கியவருக்குச் செலவில்லாமல் கட்டியவரே சரிசெய்து தர வேண்டும். இந்தச் சட்டம் எத்தனை சைட் இன்ஜினீயருக்குப் பாடமாகியிருக்கிறது?

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு. பட்டம் வாங்கி வந்த பையனுக்கு ரசமட்டம் பிடிக்கத் தெரியவில்லை, மேஸ்திரி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறான் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அது மோசமான கல்லூரிக்கு எதிரான சாட்சி. அதை வைத்துப் படிப்பே வேண்டாம் என்று முடிவு கட்டுவது தவறு. மேஸ்திரியின் கைக்கு ஈடாக எந்தப் பட்டமும் வராது. நான் சொல்வது, அந்தக் கைக்கு மேல் முடிவெடுக்கும் நாற்காலியில் இருப்பவரைப் பற்றி.

அனுபவ ஏணி எல்லோருக்கும் பொது என்பதும் பொய். நம் சைட்டில் கல் சுமக்கும், கலவை தூக்கும் பெண்ணைப் பாருங்கள். அவருக்கும் இருபது வருட அனுபவம் இருக்கிறது. கூட வேலைக்கு வந்த ஆண் பெரியாளாகி, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, கான்ட்ராக்டும் எடுத்துவிட்டார். அந்த அம்மா இன்றும் சித்தாள், கூலியும் குறைவு. கரணை பிடிக்கும் பெண்கள் இல்லாமல் இல்லை, விரல்விட்டு எண்ணலாம். அனுபவம்தான் ஆளை உயர்த்துகிறது என்றால் இவரை ஏன் உயர்த்தவில்லை? அவருடைய மகள் சைட்டை நடத்தும் இடத்துக்கு வருவதற்கு இன்றைக்குத் திறந்திருக்கும் வழி படிப்புதான். அதையும் தேவையில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

ஆகவே, கட்டுமான மேலாண்மைப் பட்டத்தை நல்லதா கெட்டதா என்று எடைபோட வேண்டும், எடைபோடாமலே தள்ளக்கூடாது. பெற்றோர் முதலில் கேட்பது கேம்பஸ் இன்டர்வியூவைத்தான். கட்டுமானம் சூடு பிடித்த வருடத்தில் எந்தக் கல்லூரியிலும் வேலை கிடைக்கும், மந்தமான வருடத்தில் நல்ல கல்லூரியிலும் கிடைக்காது. அந்த எண்ணை வைத்துப் பாடத்தின் தரத்தை அறிய முடியாது. நாலு வருடத்தில் மாணவர் எத்தனை மாதம் சைட்டில் இருப்பார், அங்கே அவர் கையில் என்ன பொறுப்பு என்று கேளுங்கள். பில் போட்டு, பணம் வராமல் அலைந்து, வழக்கையும் சந்தித்த ஆட்கள் பாடம் நடத்துகிறார்களா என்று பாருங்கள். ஒப்பந்தச் சட்டம், கணக்குப் பதிவு, தொழிலாளர் பாதுகாப்பு மூன்றுக்கும் தனித்தாள் இருக்க வேண்டும்; "இதர பாடங்கள்" என்று ஒரே தாளில் அடைத்திருந்தால் போதாது. வேலையில் இருக்கும் மேஸ்திரிகளும் டிப்ளமோக்காரர்களும் மாலையில் வந்து படிக்க வழியிருந்தால் அந்தக் கல்லூரிக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். இறுதியாண்டு மாணவர்களின் சைட் நோட்டு இரண்டைக் காட்டச் சொல்லுங்கள். கான்கிரீட் போட்ட தேதி, லாரி வந்த நேரம், கியூப் உடைத்த முடிவு, தாமதத்துக்கான காரணம் இவை மாணவரின் சொந்தக் கையெழுத்தில் இருந்தால் பணத்தைக் கட்டலாம். பாடப்புத்தகத்திலிருந்து படி எடுத்த வரிகள் மட்டுமே இருந்தால் அடுத்த கல்லூரிக்குப் போய்ப் பாருங்கள்.