மிதிவண்டி பயிலும் பருவம்

காவிரி பாயும் தஞ்சை நாடு மேடு பள்ளம் அதிகம் அறியாத சமவெளி. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என ஆறுகள் கிளைத்துச் செல்ல, அவற்றின் கரைகளே ஊரை ஊரோடு இணைக்கும் வழிகளாக அமைந்திருக்கின்றன. இத்தகைய நிலத்திற்கு மிதிவண்டியைப் போல் இசைந்த ஊர்தி வேறொன்று உண்டோ? அதற்குத் தீனி வேண்டா, பெட்ரோலும் வேண்டா. ஆற்றங்கரையின் ஒற்றையடித் தடத்திலும் அது செல்லும். வழியில் வாய்க்கால் குறுக்கிட்டால், ஏறி வந்தவனே அதனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மறுகரை சேர்வான்.

இவ்வூர்தியைப் பழகும் காலத்தையும் இந்நிலமே வகுத்துக் கொடுத்தது. தை மாதத்தில் சம்பா அறுவடை நடக்கும். அதன்பின் நெல் அகன்ற களங்கள் வெறுமையாகக் கிடக்கும். மேட்டூர் அணை திறந்து புதுப்புனல் வரும் வரையில் ஆறுகளில் மணலே மிகுந்திருக்கும். பள்ளி விடுமுறையும் அந்த இடைவெளியிலேயே வரும். அந்நாள்களில் சிறுவர் கூட்டம் கடைத்தெருவிலுள்ள வாடகைச் சைக்கிள் கடையை மொய்த்துக்கொள்ளும். கடைக்காரர் வண்டியின் எண்ணையும் எடுத்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு கொடுப்பார். கையிலிருக்கும் காசு அரைமணிக்கே போதும். கற்க விரும்புவோரோ நால்வர். அந்த அரைமணியைச் சண்டையின்றிப் பங்கிடுதல் பள்ளியிற் கற்ற பின்னக் கணக்கினும் கடினமானது.

சிறுவருக்கென்று அமைந்த அரைவண்டி கிடைக்காதவிடத்துப் பெரியவர் வண்டியே கதி. இருக்கையோ மார்பளவு உயரம். அமர்ந்தால் கால் எட்டாது. அதற்கும் வழி கண்டனர். மேற்கம்பிக்குக் கீழேயுள்ள முக்கோண இடைவெளியில் வலக்காலை நுழைத்து அப்புறத்து மிதிகட்டையில் ஊன்றி, இடக்கையால் கைப்பிடியைப் பற்றி, வலக்கையால் கம்பியையோ இருக்கையையோ அணைத்துக்கொண்டு, உடலை ஒருபுறம் சாய்த்தபடியே வண்டியைச் செலுத்தினர். ‘குரங்குப் பெடல்’ என்பது இதன் பெயர். வல்லுநர் எவரும் வகுக்காத முறை இது. வறுமையும் ஆர்வமும் கூடி வகுத்த முறை.

விழும் பக்கம் நோக்கிக் கைப்பிடியைத் திருப்பினால் வண்டி நிமிரும் என்பது மிதிவண்டியின் அடிப்படை நுட்பம். புதிதாகப் பழகுவோரின் கை எதிர்ப்புறம் திருப்பவே விரையும். நூறு முறை எடுத்துரைத்தாலும் விளங்காத இவ்வுண்மை, முழங்கால் இரண்டு முறை சிராய்த்தபின் உடலுக்குத் தானே விளங்கிவிடும். 1817இல் ஜெர்மானியரான கார்ல் டிரைஸ் செய்த இருசக்கர வண்டிக்கு மிதிகட்டையே இல்லை. தரையைக் காலால் உந்திச் செல்லவேண்டும். மிதிகட்டை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்தே வந்தது. சமநிலையே முதற்பாடம் என்பதற்கு அவ்வரலாறும் சான்றாகும். பயிற்றுவிப்போர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னே ஓடவேண்டும். எப்போது கையை விட்டார் என்பது முன்னிருப்பவனுக்குத் தெரியாதிருக்கவேண்டும். நல்லாசிரியர்க்கு இதனினும் சிறந்த இலக்கணம் உண்டோ!

ஆனால், இக்களத்தில் பெண்குழந்தைகள் நெடுங்காலம் வேடிக்கை பார்ப்போராகவே நின்றனர். பாவாடை சங்கிலியிற் சிக்கும் என்றனர். விழுந்து காயம்பட்டால் யார் மணப்பார் என்றனர். ஊர் நகைக்கும் என்றனர். சங்கிலிக்கு மூடி போடலாம்; ஊர்வாய்க்கு மூடி ஏது? தம்பி ஓட்ட, அக்காள் பின்னே அமர்ந்து செல்லலாம். அக்காள் ஓட்டத் தம்பி அமர்தல் மட்டும் ஆகாது. இதற்கு நியாயம் கூறவல்லார் எவருமிலர்.

தஞ்சை, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1974இல் அமைக்கப்பெற்றது புதுக்கோட்டை மாவட்டம். கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி அதில் உண்டு. ஏனைய நிலம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கக் கற்றவர்களிலும் கற்பித்தவர்களிலும் பெண்கள் மிகுதி. அந்நாளில் மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், மிதிவண்டி பழகுதலையும் அவ்வியக்கத்தின் ஒரு பகுதியாக்கினார். வண்டி வாங்குவதற்குப் பெண்களுக்கு வங்கிக் கடனும் கிடைக்கச் செய்தார். 1992இல் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவிடங்களில் வண்டி ஓட்டிக் காட்டினர் என்று இதழாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். கல்லுடைப்போர், வயலில் உழைப்போர், செவிலியர், ஆசிரியைகள், அங்கன்வாடிப் பணியாளர் எனப் பலரும் அவர்களுள் அடங்குவர். கேலி பேசியோர் இருந்தனர்; வண்டிகள் நிற்கவில்லை. பெண்களுக்கான வண்டிகள் போதாமற் போனபோது மேற்கம்பியுள்ள ஆடவர் வண்டியையே வாங்கினர். குழந்தையை அமர்த்திக்கொள்ள அக்கம்பி உதவும் என்று அதனையே விரும்பியோரும் உளர்.

எழுத்தறிவுக்கும் மிதிவண்டிக்கும் யாது தொடர்பு என்று சிலர் வினவலாம். பேருந்து வரும்வரை காத்திருந்தவள், தன் பொருளைத் தானே ஏற்றிச் சென்று விற்கிறாள். வீடு திரும்பும் நேரத்தையும் தானே முடிவு செய்கிறாள். மிஞ்சிய நேரத்தில் அன்றோ அவள் புத்தகத்தைத் திறக்க இயலும்? பீகார் மாநிலம் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு மிதிவண்டி கிடைக்க வழி செய்தது. பொருளியல் அறிஞர்களான கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் இத்திட்டத்தை ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்களின் அளவு ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்ததைக் கண்டனர்.

தமிழ்நாட்டில் அரசு பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு பயில்வோருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. நன்று. எனினும், ஆறாம் வகுப்புக்கு அயலூர் செல்லும் சிறுமிக்கு அது ஐந்தாண்டு பிந்தி வரும் உதவியே. பதினாறு வயதில் கைக்கு வரும் வண்டியும், எட்டு வயதில் அச்சமின்றிப் பழகியவளுக்கே உடனே பயன்படும். வாடகைக் கடைகளோ அருகிவிட்டன. மோட்டார் வண்டிகள் விரையும் சாலை, பழகுவதற்கு ஏற்ற இடமன்று. பள்ளிகளிலோ மைதானம் இருக்கிறது. தொடக்கப்பள்ளி ஒவ்வொன்றும் நான்கு சிறுவண்டிகளை வைத்துக்கொண்டு, ஆண்டுத்தேர்வு முடிந்த மாலைகளில் நான்காம் வகுப்பினர் அனைவரையும், சிறுமியரை முதல் வரிசையில் நிறுத்தி, பழக்குதல் அரிதன்று. பின்னே ஓட ஓர் ஆசிரியர், பஞ்சர் ஒட்ட ஒரு சிறு பெட்டி, சிராய்ப்புக்குத் தடவச் சிறிது மருந்து ஆகியவை போதும்.