சூரிய மின்சாரமும் கூலிக்காரர் பிழைப்பும்

கிராமத்து நிலங்களில் பலகைகளைப் பரப்பி, வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் பண்ணைகள் நாட்டில் பெருகி வருவதை வாசகர்கள் அறிவார்கள். நமது ராமநாதபுரம் ஜில்லா கமுதியிலேயே 2016-ம் வருஷத்தில் 648 மெகாவாட் சக்தியுள்ள பண்ணை ஒன்று ஏற்பட்டது. இப்படி ஒன்று வரப்போகிறதென்றால் அக்கம்பக்கத்து ஊர்களில் இருவிதப் பேச்சுக் கிளம்புகிறது. பலகைகள் மேகத்தை விரட்டிவிடும், சூரிய பகவானை வேலை வாங்கினால் ஊருக்கு ஆகாது என்பது ஒன்று. எங்கள் பிழைப்புக்கு வழி என்ன என்பது மற்றொன்று. முதல் பேச்சு ஊரெங்கும் கேட்கிறது. இரண்டாவது பேச்சோ யார் காதிலும் ஏறுவதில்லை.

முதலாவதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக ஆற்றில் நின்று சூரியனுக்குத் தண்ணீரை இறைத்தவர்கள், அவனைக் கொண்டு ஒரு அகல் விளக்கையாவது ஏற்றினார்களா? 1839-ல் பெக்கரல் என்ற பிரெஞ்சுக்காரர் வெளிச்சம் பட்டு மின்சாரம் உண்டாவதைச் சோதனையில் கண்டார். 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையார் சிலிக்கனைக் கொண்டு அதைக் காரியத்துக்கு உதவும்படி செய்தார்கள். இதில் மந்திரம் எங்கே வந்தது? பலகைகளுள்ள இடத்தில் இரவு உஷ்ணம் 3, 4 டிகிரி கூடுவதாக அரிசோனாவில் அளந்து 2016-ல் வெளியிட்டிருக்கிறார்கள். அப்படி அளந்து சொல்லும் ஆட்சேபணைக்கு நாம் காது கொடுப்போம். பகவானின் கோபத்துக்கு அல்ல.

நிற்க. மேகக் கதையைக் கேட்டுச் சிரிக்கும் அதிகாரிகள், அதே சிரிப்பில் இரண்டாவது கேள்வியையும் தள்ளிவிடுகிறார்கள். பகுத்தறிவு பேசும் நம்மில் சிலரும் அப்படியே செய்கிறோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கர்நாடகத்தில் துமகூரு ஜில்லா பாவகடா தாலுகாவில் நடந்ததைப் பாருங்கள். மழை அடிக்கடி பொய்த்துப்போகும் சீமை அது. நிலக்கடலை போட்டு, விளைந்தால் உண்டு, விளையாவிட்டால் கடன்பட்டுக் கிடந்த ஊர்கள். அங்கே ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் பண்ணை அமைத்து, 2019 கடைசியில் முடித்தார்கள். நிலத்தை யாரிடமும் பிடுங்கவில்லை. ஏக்கருக்கு வருஷம் ரூ. 21,000 வீதம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நூற்றுக்கு ஐந்து உயர்வுடன், 28 வருஷத்துக்குக் குத்தகைக்கு எடுத்தார்கள். நிலத்தைப் பறித்து உடையவனைத் தெருவில் விடுவதைவிட இது எவ்வளவோ மேலான ஏற்பாடு என்று நாம் தாராளமாய்ச் சொல்லுவோம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பத்து ஏக்கர் உடையவருக்கு மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் முதல் வருஷமே ரூ. 2,10,000. நூறு ஏக்கர் உடையவருக்கு 21 லட்சம். அந்நிலத்தில் களையெடுத்த பெண்பிள்ளைக்கு எவ்வளவு? கடலை பறித்தவனுக்கு எவ்வளவு? கரம்பில் ஆடு மேய்த்தவனுக்கு எவ்வளவு? ஒரு காசும் கிடையாது! பலகை துடைக்கவும், புல் வெட்டவும், காவல் காக்கவும் சிலருக்கு வேலை கிடைத்தது. மற்றவர்கள் கூலி தேடி வெளியூர் போக வேண்டியதுதான். நிலமற்ற இக்கூலிகளில் தாழ்த்தப்பட்ட மக்களே ஏராளம் என்பதைத் தனியே சொல்ல வேண்டுமா?

“பட்டா அவருடையது, வாடகை அவருக்கு, கூலிக்கு ஏது பாத்தியம்?” என்று கேட்கலாம். பட்டா எப்படி வந்தது என்று நாமும் கேட்கலாம். 1974-ல் அதே கர்நாடகத்தில் உழுகிறவனுக்கே நிலம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். குத்தகைக்கு உழுதவருக்கு நிலம் வந்தது, நல்ல காரியந்தான். ஆனால் கூலிக்கு உழுதவன் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லாததால் அன்றும் விடுபட்டான். இன்று வெயிலுக்கு வாடகை வரும்போதும் அதே காரணத்தால் விடுபடுகிறான். ஒரே நிலம் ஒருவருக்குச் சொத்தாகவும் பத்துப் பேருக்குக் கஞ்சியாகவும் இருந்தது. சொத்துக்கு ஈடு கொடுத்தாகிவிட்டது. கஞ்சிக்கு?

ஆகவே பண்ணையே வேண்டாமென்பது நம் கட்சியல்ல. குத்தகைப் பத்திரம் எழுதும் முன் அந்நிலத்தை நம்பிப் பிழைக்கும் கூலிகளையும் மேய்ப்பவர்களையும் வீடு வீடாய்க் கணக்கெடுக்க வேண்டும். வாடகையோடு ஒரு பங்கு சேர்த்து அவர்களுக்கு, முக்கியமாய்ப் பெண்கள் பெயரில், மாதாமாதம் கொடுக்க வேண்டும். பண்ணை வேலை முதலில் அவர்களுக்கே. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பலகைகளின் அடியில் ஆடு மேய விடுகிறார்கள். புல் வெட்டும் செலவும் மிச்சமாகிறது. இங்கு மட்டும் கம்பிவேலி போட்டு ஆட்டுக்காரனை விரட்டுவானேன்?

அடுத்த பண்ணைக்கு இடம் பார்க்க அதிகாரிகள் வரும் ஊரில் நமது தோழர்கள் இருந்தால், மேகத்தைப் பற்றிய வாதத்தில் பொழுதைக் கழிக்காமல், கிராம சபையில் எழுந்து நின்று, கூலிக்காரர் ஜாபிதா எங்கே என்று முதலில் கேட்கட்டும்.