மூச்சு சீரானபின் மாத்திரை எதற்கு?

நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி அடைத்த நிலையில் ஒருவர் சேர்க்கப்படும்போது, அவருடைய குடும்பத்தார் முதல் இரண்டு நாள்களில் எதையும் கேட்காமல் விடுவதில்லை. ஆக்சிஜன் எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு, சி.டி. ஸ்கேனில் என்ன தெரிந்தது என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறார்கள். வீடு திரும்பிய ஆறாவது வாரத்தில் அந்த அக்கறை தளர்ந்துவிடுகிறது. நோயாளி படியேறுகிறார், நன்றாக உறங்குகிறார். "உடம்புதான் தேறிவிட்டதே, இனி எதற்கு இந்த மாத்திரை?" என்ற எண்ணம் அப்போதுதான் எழுகிறது. பலர் அதை மருத்துவரிடம் கேட்பதில்லை; தாமே முடிவு செய்து நிறுத்திவிடுகிறார்கள். என் கருத்தில், இந்நோயில் முதல் இரவுக்கு அடுத்தபடியாக அஞ்ச வேண்டிய வேளை இதுவே.

இக்கட்டி பெரும்பாலும் காலின் ஆழமான சிரைகளில் தோன்றுகிறது. அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, நெடுநாள் படுக்கை, பிரசவம், புற்றுநோய், சில ஹார்மோன் மாத்திரைகள் ஆகியவை அதற்கு வழிவகுக்கும். அங்கிருந்து பிய்ந்து வரும் துண்டு, இதயத்தின் வலப்பக்கம் வழியாகச் சென்று நுரையீரலில் சிக்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ இந்தப் பயணத்தை விளக்கியிருக்கிறார். மூச்சு சீரானாலும் காலில் மிச்சக்கட்டி இருக்கக்கூடும் என்பதையே நோயாளிகள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

'இரத்தத்தை மெலிக்கும் மாத்திரை' என்று நாம் வழங்கும் பெயரும் இக்குழப்பத்துக்கு ஒரு காரணம். நீர் விட்ட மோர்போல இரத்தம் நீர்த்துப்போவதில்லை. இம்மருந்துகள் கட்டியைக் கரைப்பதும் இல்லை. புதிய கட்டி உண்டாகாமலும் இருப்பது வளராமலும் தடுக்கின்றன. கரைக்கும் வேலையை உடலே வாரக்கணக்கில் மெல்லச் செய்கிறது. அந்த வேலை முடியுமுன் காவலை விலக்குவது நியாயமா?

காவல் இல்லாவிடில் என்ன ஆகும் என்பது 1960இல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பாரிட், ஜோர்டன் என்னும் இரு மருத்துவர்கள் அதை நடத்தினர். மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் நுரையீரல் அடைப்பால் இறந்தனர். மேலும் 5 பேருக்கு அடைப்பு மீண்டும் வந்தது. மருந்து பெற்ற 16 பேரில் ஒருவர்கூட அடைப்பால் இறக்கவில்லை. இன்று சிறு கட்டிகளையும் ஸ்கேனில் கண்டுபிடித்துவிடுவதால் அந்த விகிதத்தை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆயினும் சிகிச்சையின் அடித்தளம் இன்றும் அதுவே.

"கட்டியை உடனே கரைக்கும் ஊசி இருக்கிறதாமே, ஏன் போடவில்லை?" என்று கேட்பவர்களும் உண்டு. இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கு ஆபத்து நேரும்போது அதைத் தயங்காமல் செலுத்துகிறோம். அழுத்தம் நிலையாக உள்ளவருக்கு, மூளையில் இரத்தக்கசிவு உண்டாக்கும் அபாயம் அதன் பயனைவிடப் பெரிது.

எவ்வளவு காலம்? பெரும்பாலோருக்குக் குறைந்தது 3 மாதங்கள். அறுவை சிகிச்சை போன்ற, கடந்துபோன ஒரு காரணத்தால் வந்திருந்தால் அத்துடன் நிறுத்த இயலும். காரணம் புலப்படாதவர்களுக்கும் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் நீட்டிக்க நேரிடும். ரிவராக்ஸபான் உட்கொள்வோருக்கு 21 நாள்களுக்குப் பின் தினசரி அளவு குறைக்கப்படுவது வழக்கம். "குறைத்துவிட்டார்கள், அப்படியானால் முடியப்போகிறது" என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அம்மாத்திரையை உணவுடன் சேர்த்தே உட்கொள்ள வேண்டும்.

மாத்திரை நிற்பதற்குப் பணமும் ஒரு காரணம். அதைச் சொல்லக் கூச்சப்படுவோர் பலர். தயவுசெய்து சொல்லுங்கள். வார்ஃபரின், அசினோகூமரால் ஆகியவை விலை குறைந்தவை, நெடுங்காலம் பயன்பட்டுத் தேர்ந்தவை. ஐ.என்.ஆர். பரிசோதனையை அவ்வப்போது செய்து, அளவை 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருந்தால் போதும். கீரையை விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றி உண்பதுதான் தொல்லை தரும். வார்ஃபரின் எலிமருந்து என்று கைப்பேசியில் படித்துவிட்டு அஞ்சி வருவோரும் இருக்கிறார்கள். 1948இல் அது எலிமருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது, உண்மைதான். மனிதருக்கான மருந்தாகி எழுபது ஆண்டுகளாகிவிட்டன.

மருத்துவர்களும் ஒன்று செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயருக்குக் கீழே, எதற்காக என்பதையும், எந்தத் தேதியில் நிறுத்துவது குறித்து முடிவெடுக்கப்படும் என்பதையும் தமிழில் எழுதித்தர வேண்டும். எழுதியிராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

பல் பிடுங்குவதற்கு முன்போ வேறு சிகிச்சைக்கு முன்போ மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் எங்களிடம் கேளுங்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்காதீர்கள். கருவுற்றிருந்தாலோ கருவுற எண்ணியிருந்தாலோ முதலிலேயே தெரிவியுங்கள். அக்காலத்தில் இம்மாத்திரைகளுக்குப் பதிலாக ஹெப்பாரின் வகை ஊசி தரப்படும். மலம் தார்போலக் கறுத்தாலோ தலையில் அடிபட்டாலோ உடனே வாருங்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், மயக்கம், இருமலில் இரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திராமல் 108ஐ அழையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றே வந்து காட்டுங்கள். மூன்று மாதம் கடந்தும் மாடிப்படியில் மூச்சு வாங்கினால் வயதின்மேல் பழி போடாதீர்கள். கரையாத கட்டி தமனியில் தங்கியிருக்கிறதா என்று எக்கோவிலும் ஸ்கேனிலும் பார்க்க வேண்டியிருக்கும்.